முடிந்துவைத்த காசு

தாயகம் என்ற சொல்லை நான் அதிகம் புழங்கியதில்லை. மேடையேறுகிறவர்களின் சொல் என்று ஒதுக்கிவைத்திருந்தேன். அம்மா தமிழ்நாட்டுக்குப் போவதென்று முடிவான பிறகு, ஒரு பயணக் காப்புறுதிப் பத்திரத்தைக் கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தபோது, தாமதமாகும் விமானத்துக்கும் தொலைந்துபோகும் பெட்டிக்கும் நடுவே அது வந்து நின்றது. பயணி வெளிநாட்டில் இறந்தால் உடலைத் தாயகத்துக்கு அனுப்பும் செலவு. பத்திரம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அம்மாவுக்குச் சொல்வதற்காக மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே வந்தேன், அந்த வரியில் நாக்கு இடறியது. மலாயில் சொல்லியிருந்தால் இடறியிருக்காது. ஜெனாசாவை 'பூலாங்' அனுப்புவது என்றிருப்பேன். பூலாங் என்றால் வீடு திரும்புவது, அவ்வளவுதான். வேலை முடிந்து மாலையில் கொம்யூட்டர் ரயில் ஏறுகிறவனும் பூலாங் போகிறவன்தான். தமிழில்தான் எங்கள் வீட்டில் இது சிக்கல். அம்மா போகவிருந்தது லால்குடிக்கு வடக்கே ஒரு கிராமத்துக்கு. அப்பாவின் அப்பா பிறந்த இடம். குலதெய்வம் இன்னும் அங்கேதான், வேப்பமரத்தடியில், கூரையில்லாமல். எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கிராமத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. 'ஊர்' என்போம். காப்பாருக்குப் பெயர் உண்டு, மேருவுக்கு உண்டு, போர்ட் கிள்ளானுக்கு ஒன்றுக்கு இரண்டு பெயர் இருந்திருக்கிறது. ஊருக்கு மட்டும் பெயர் தேவைப்படவில்லை. ஊருக்குப் போன ஒருத்தி ஊரிலேயே இறந்துபோனால் அவளை எந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவது? படிவம் இதைக் கேட்கவில்லை. கடப்பிதழ் எண்ணை நிரப்பியதும் அதற்கே தெரிந்துவிடுகிறது.

அம்மா மேசைக்கு அந்தப் பக்கம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காற்று மாறியிருந்தது, துறைமுகத்திலிருந்து செம்பனை எண்ணெய் வாடை சன்னல் வழியாக வந்து கீரை வாசத்தோடு கலந்தது. "எவ்வளவு?" என்றாள். "அறுவத்தெட்டு வெள்ளி." "ஒண்ணும் ஆகாம நல்லபடியா திரும்பிட்டா?" "காசு போனதுதாம்மா." கீரை ஆய்ந்த கை நின்றது. "அப்ப எனக்கு ஏதாச்சும் ஆனாத்தான் உனக்கு அந்தக் காசு வசூலாகும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு, போவதற்கு முன்னாலேயே இதெல்லாம் என்ன பேச்சு, வாயைக் கழுவு என்று என்னை ஏசிவிட்டு எழுந்து சாமியறைக்குப் போனாள். மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணித்துண்டில் ஐம்பது காசு இரண்டும் பத்துக் காசு ஒன்றும் வைத்து முடிந்து, பத்துமலை முருகன் படத்துக்குப் பின்னால் செருகினாள். நல்லபடியாகத் திரும்பினால் உண்டியலில் சேர்க்கவேண்டிய காசு. இதுவும் ஒரு காப்புறுதிதானே என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகலாம், பலரும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு கணக்கும் ஒன்றில்லை, ஒன்றின் தலைகீழ் மற்றது. அறுபத்தெட்டு வெள்ளி முதலிலேயே போய்விடுகிறது, கெட்டது நடந்தால் பெருகித் திரும்பும். மஞ்சள் துணியிலிருக்கும் காசு வீட்டிலேயே இருக்கிறது, நல்லது நடந்தால் போகும். அதற்குக் கடன் என்றே பெயர் வைத்திருக்கிறோம். ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தவன் காப்புறுதிக்குக் கட்டியதை நினைத்துக் குமைகிறான். அதே வாரம் உண்டியல் முன்னால் நின்று முடிச்சை அவிழ்க்கும்போது அவன் முகம் மலர்ந்திருக்கிறது. எங்கள் சனம் பயணக் காப்புறுதி எடுக்காததற்கு அறியாமையும் கஞ்சத்தனமும் காரணம் என்பார்கள். கஞ்சத்தனத்தை மறுக்கமாட்டேன். மற்றதை ஒப்ப முடியவில்லை. அம்மா கேட்ட கேள்வியை எந்த முகவரிடம் கேட்டாலும் அவர் ஒரு நொடி திணறத்தான் செய்வார்.

தமிழ்நாட்டில் இதைக் காப்பீடு என்கிறார்கள். நாங்களும் சிங்கப்பூர்க்காரர்களும் இலங்கைக்காரர்களும் காப்புறுதி என்கிறோம். ஈடு என்றால் போனதற்குப் பதிலாக வருவது. உறுதி என்றால் போகாது என்று வாக்குத் தருவது. யோசித்துப் பார்த்தால் தமிழ்நாட்டுச் சொல்லுக்கே நேர்மை கூடுதல். எந்த நிறுவனமும் எதுவும் போகாதென்று சொல்வதில்லை, போனால் ஈடு தருவதாகத்தான் சொல்கிறது, அதையும் பொடி எழுத்து விலக்குகள் பக்கம் பக்கமாகத் தொடர. எனக்கு நெருடுவது இரண்டு சொல்லுக்கும் முன்னால் நிற்கிற காப்பு. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டி வெளியே தங்கக் கூடாது. காப்பார்ப் பக்கத் தோட்டத்தில் தீமிதிக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து தாத்தா கிள்ளான் பாசாருக்குக்கூட வரமாட்டாராம். லயம், கோயில், கித்தா மரம், திரும்ப லயம். காப்பு என்பது இருக்கிற இடத்திலேயே இருப்பவனுக்கு. போகிறவனுக்கு நாம் வைத்திருப்பது வேறு: சூலம் பார்ப்பது, ராகுகாலத்தைத் தள்ளுவது, எல்லாவற்றுக்கும் மேலாக, 'போறேன்' என்று வாய்தவறியும் சொல்லாமல் 'போயிட்டு வர்றேன்' என்பது. திரும்புகாலையும் சேர்த்துச் சொல்லிலேயே பயணச்சீட்டு எடுத்துவிடுகிறோம். கடல்மேல் போனவனுக்கு மட்டும் ஒரு தெய்வம் தனியாக இருந்தது. மணிமேகலா தெய்வம். கோவலனின் முன்னோன் ஒருவன் கப்பல் உடைந்து கடலில் தத்தளித்தபோது அவனைக் கரையேற்றியது அது. அவன் செய்திருந்த அறத்தைப் பார்த்து. கட்டணத்தை அந்தக் காலத்தில் அறமாக வசூலித்தார்கள் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. அதுவும் சரியான கணக்காக இருக்காது. அறம் செய்தவன் கப்பலேறுவதற்காக அதைச் செய்திருக்கமாட்டான்.

அப்பா தென்துறைமுகத்தில் ஃபார்வர்டிங் கிராணி. கோடவுனிலிருந்து வரும்போது சட்டையில் சாக்குத் தூசியும் கார்பன் தாளின் நீலமும் இருக்கும். சி.ஐ.எஃப். என்ற மூன்றெழுத்தை நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். சரக்கின் விலை, காப்புறுதி, கப்பல் கூலி. காப்புறுதி இல்லாமல் ஒரு பெட்டி பருத்தித் துணிகூடக் கடல் தாண்டி வந்ததை நான் பார்த்ததில்லை என்பார். அப்படிச் சொன்ன மனிதர் மூன்று முறை ஊருக்குப் போனார், மூன்று முறையும் எந்தத் தாளும் இல்லாமல். பொதுச்சேதம் என்று ஒன்றைப் பற்றி அவர் ரசித்துச் சொல்வார். துறைமுகத்தில் 'ஜெனரல் அவரேஜ்' என்பார்கள். புயலில் கப்பலைக் காப்பாற்ற ஒருவனுடைய சரக்கைக் கடலில் தள்ளினால், கரை சேர்ந்த மற்ற எல்லாரும் தங்கள் சரக்கின் மதிப்புக்கேற்ப அவனுடைய நட்டத்தில் பங்கு ஏற்கவேண்டும். 2021 மார்ச்சில் ஜொகூரின் தஞ்சோங் பெலபாஸிலிருந்து போன எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே கிடந்ததே, அதற்கும் அடுத்த மாதம் பொதுச்சேதம்தான் அறிவித்தார்கள். காப்புறுதி இல்லாமல் அந்தக் கப்பலில் சரக்கு ஏற்றியிருந்தவர்கள் தங்கள் பெட்டியை மீட்பதற்கு முன்பணம் கட்டவேண்டிவந்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார், இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்கு அதையே பேசியிருப்பார். அவர் சொன்னதில் என் மனத்தில் தங்கிப்போனது வேறொன்று. 1906-ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் கடல் காப்புறுதிச் சட்டத்தில் எதற்கெல்லாம் ஈடு கிடையாது என்று ஓரிடத்தில் வருகிறது: வழக்கமான தேய்மானம், கசிவு, எலி தின்றது, அப்புறம் சரக்கின் சொந்தக் குற்றம். வெங்காயம் தானே அழுகினால், பஞ்சு தானே பற்றிக்கொண்டால், அது வெங்காயத்தின் குணம், பஞ்சின் குணம். கடலைக் குறை சொல்ல முடியாது. அம்மாவின் பத்திரத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்ற விலக்கைப் படித்தபோது எனக்கு அந்த வெங்காயமூட்டைதான் நினைவுக்கு வந்தது. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 30-ஐத் தாண்டுகிறது. அம்மாவுக்குப் பதினைந்து வருஷமாக இருக்கிறது, கூடவே ரத்தக் கொதிப்பு.

இந்தத் துறைமுகமே நோயில் திறந்ததுதான். 1901-இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் மலேரியா அடித்து, மூடிவிடலாமா என்று யோசித்தார்கள். கிள்ளானிலிருந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து வாய்க்கால் வெட்டச் செய்து காப்பாற்றினார். 1972-இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. தாத்தா வந்திறங்கியபோது பழைய பெயர். நாகப்பட்டினத்தில் முகாம், அம்மை குத்தல், ராஜுலா கப்பலின் மேல்தளம், இங்கே மறுபடியும் முகாம். அவர் ஒரு காசும் கொடுக்கவில்லை. 1907-இல் ஏற்படுத்திய தமிழ்க் குடியேற்ற நிதி அவருடைய கப்பல் கூலியைக் கட்டியது. பின்னால் அதை இந்தியக் குடியேற்ற நிதி என்றார்கள். தோட்ட முதலாளிகள் தங்களிடம் வேலை செய்த ஆள்களின் வேலைநாளைக் கணக்கிட்டு அந்த நிதிக்குக் கட்டிவந்தார்கள். உடம்பு முடியாதவர்களையும் கதியற்றவர்களையும் திருப்பி அனுப்பும் செலவும் அதிலிருந்தே போனது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அனுப்பினார்கள். வேலையில்லாதவனுக்குச் சோறு போடுவதைவிடக் கப்பல் கூலி மலிவு. ஒருவிதத்தில் எங்கள் சனத்துக்குக் கிடைத்த முதல் பயணக் காப்புறுதி இதுதான்: உள்ளே வரும் செலவு, உடைந்தால் திருப்பி அனுப்பும் செலவு, இரண்டும் கட்டியாகிவிட்டது. காப்புறுதி செய்த பொருள் மட்டும் எது என்று கேட்டுக்கொள்ளவேண்டும். தாத்தா இல்லை. தாத்தாவின் வேலைநாள். அந்த நிதியின் தாள்களில் 'தாயகம் அனுப்புதல்' என்ற தொடருக்கு ஐயத்துக்கே இடமில்லாமல் கிழக்கிலிருந்து மேற்கே போவது என்று பொருள். அம்மாவின் பத்திரத்தில் அதே தொடருக்கு மேற்கிலிருந்து கிழக்கே. நடுவில் கடல் அதேதான்.

பெரியப்பா 2005 ஆடியில் ஊருக்குப் போனார். பெரியம்மாவும் கூட. பெரியப்பா காப்பார்த் தோட்டத்தில் பிறந்தவர். அறுபத்தேழு வயதில் முதல்தடவையாக அப்பாவின் ஊரைப் பார்க்கப் போகிறார். பொங்கல் வைத்து, கிடா வெட்டி, மூன்றாம் நாள் விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை. முன்பணம் கட்டினால்தான் உள்ளே என்றார்கள். பெரியம்மா வளையலைக் கழற்றப் பார்த்தார், ஊர்ப் பங்காளி ஒருவர் கடன் வாங்கிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி முடிந்துபோனது. அங்கே இருந்தவர்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை, இங்கே எங்களுக்கும் தெரியவில்லை. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் டிக்கெட் போடும் ஒருவரை வீட்டுக்கே போய் எழுப்பிக் கேட்டேன். அவர் விரல்விட்டுச் சொன்னதை இன்னும் வைத்திருக்கிறேன், ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம். இறப்புச் சான்றிதழ், காவல்துறையின் ஆட்சேபமில்லைக் கடிதம், உடலைப் பதப்படுத்திய சான்றிதழ், பெட்டியை மூடி முத்திரையிட்ட சான்றிதழ், சென்னையிலிருக்கும் மலேசியத் துணைத் தூதரகத்தின் தாள், ரத்து செய்த கடப்பிதழ். அதற்கப்புறம் சரக்கு விமானக் கணக்கு. கிலோவுக்கு இவ்வளவு என்று. பெட்டியின் எடையையும் சேர்த்து. துறைமுகக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அதில் புரியாதது ஒன்றுமில்லை, பி.எல். என்கிற கப்பல் சரக்குச் சீட்டுப் போடுகிற சரக்கு மாதிரிதான். மொத்தம் எவ்வளவாகும் என்று அவர் சொன்ன தொகை அன்று என் கையிலிருந்த சேமிப்பைப்போல மூன்று மடங்கு. மூத்த மகனை அனுப்பலாமென்றால் விசா வேண்டும், சனி ஞாயிறு. பெரியம்மா தொலைபேசியில் சொன்னார்: "வேணாண்டா ஐயா. இங்கயே முடிச்சிடலாம். அவரு அப்பா பொறந்த மண்ணுதானே." காவிரிக்கரையில் ஓயாமாரியில் எரித்தார்கள். முன்பின் பார்த்திராத பங்காளி மகன் கொள்ளி வைத்தான். சாம்பலில் பாதியைக் காவிரியில் விட்டுவிட்டு மீதியைப் பெரியம்மா செம்பில் கொண்டுவந்தார். படகு பிடித்துப் போய் போர்ட் கிள்ளான் கடலில் கரைத்தோம். கப்பல்களின் எண்ணெய்ப் படலத்தில் அது சட்டென்று கரையாமல் கொஞ்சநேரம் மிதந்துகொண்டிருந்தது.

அன்று அவரிடம் ஒரு பத்திரம் இருந்திருந்தால் என்று பல வருஷம் நினைத்திருக்கிறேன். அண்மையில்தான், அம்மாவுக்காக உட்கார்ந்து வரிவரியாகப் படித்தபோது, வேறொரு சந்தேகம் வந்தது. பெரியப்பாவுக்கு இதயநோய் பத்து வருஷமாக இருந்தது. அவர் அதைச் சொல்லாமல் வாங்கியிருந்தால் நிறுவனம் மருத்துவமனைக் குறிப்பைப் பார்த்துக் கைவிரித்திருக்கும். சொல்லி வாங்கியிருந்தால் இதயத்தை மட்டும் விலக்கிவிட்டு மீதி உடம்புக்குக் காப்புறுதி கொடுத்திருக்கும். இங்கே 2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் வாங்குகிறவர் பக்கம் கொஞ்சம் இறங்கித்தான் வந்திருக்கிறது. கேட்காததையெல்லாம் தேடிப்போய்ச் சொல்லவேண்டியதில்லை. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையாகப் பதில் சொன்னால் போதும். ஆனால் கேள்விதான் கேட்கிறார்களே. அம்மாவின் சர்க்கரையையும் கொதிப்பையும் மறைக்கவில்லை. பதில் எதிர்பார்த்ததுதான்: அவை சம்பந்தமான எதற்கும் ஈடு கிடையாது. ஏற்கெனவே உள்ள நோயையும் ஏற்கிற திட்டங்கள் உலகத்தில் இல்லாமலில்லை, கட்டணம் ஏறும், எழுபது வயதுக்குமேல் கதவு குறுகும். ஆக, அறுபத்தெட்டு வெள்ளிக்கு நான் வாங்கியது, அம்மா எதனால் இறக்கக்கூடுமோ அதைத் தவிர மற்றதற்கெல்லாம் காப்பு. குளியலறையில் வழுக்கி விழுந்தால், சமயபுரம் சாலையில் ஆட்டோ கவிழ்ந்தால். சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு உன் யாவாரம்" என்றாள்.

இருந்தும் வாங்கினேன். பயணச்சீட்டு எடுத்த அன்றைக்கே வாங்கினேன், கிளம்பும் நாள்வரை காத்திருக்கவில்லை. இதில் பலரும் ஏமாறுகிறார்கள்: பயணம் ரத்தானால் தரும் ஈடு, விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, பத்திரம் கையில் வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. நாட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு பொதுவாக வாங்கவே முடியாது. செய்தியில் வந்துவிட்ட ஆபத்துக்கும் கிடையாது. 2020 மார்ச்சில் சென்னையிலும் திருச்சியிலும் எங்களவர்கள் மாட்டிக்கொண்டு நின்றார்களே, 18-ஆம் தேதி இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு, 22-இலிருந்து இந்தியா வெளிநாட்டு விமானங்களையே நிறுத்திவிட்டது. அப்போது பத்திரம் வைத்திருந்தவர்களில் பலர் கொள்ளைநோய் விலக்கு என்ற வரியை முதன்முதலாகப் படித்தார்கள். விமான நிறுவனத்தின் தளத்தில் சீட்டோடு சேர்த்து நீட்டுகிற காப்புறுதி கெட்டதில்லை, ஆனால் அதில் மருத்துவத்துக்கு எவ்வளவு, பெட்டிக்கு எவ்வளவு என்று பார்க்காமல் விரலை வைத்துவிடுகிறோம். பெட்டியை நான் பொருட்படுத்தவில்லை. அம்மாவின் பெட்டியில் மைலோவும் மீகோரேங் மசாலாவும் பங்காளி வீட்டுக்கு நாலு கைலியும்தான். நான் தேடியது மருத்துவத் தொகையும், உடல் அனுப்பும் தொகையும், இருபத்துநான்கு மணிநேரமும் எடுக்கிற ஒரு தொலைபேசி எண்ணும். திருச்சி மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெரியம்மா தனியாக நின்ற அந்த இரவில் பணத்தைவிட அந்த எண்தான் இல்லாமல் போனது. அடுத்து எந்தத் தாள், யாரிடம், எத்தனை பிரதி என்று தூக்கம் கலையாத குரலில் சொல்ல ஒரு அந்நியன். இதைத்தான் விலைகொடுத்து வாங்குகிறோம் என்று இப்போது நினைக்கிறேன். போகிறவருக்காக இல்லை, தாழ்வாரத்தில் நிற்கப்போகிறவருக்காக. எண்ணைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முன்னால் இதைக் கூப்பிடவேண்டும், எல்லா ரசீதையும் பத்திரப்படுத்தவேண்டும் என்று தமிழில் கீழே எழுதி, அம்மாவின் கைப்பையில் வைத்தேன். பங்காளி மகனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பெரியப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் அவன்தான்; இப்போது அவனுக்கே கல்லூரியில் படிக்கிற பெண் இருக்கிறாள்.

பத்திரம் கேட்கும் இன்னொன்றும் என்னை அலைக்கழிக்கிறது. அதற்கு இறப்பு நிச்சயமாகத் தெரிந்தாகவேண்டும். நம் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, ஏழு வருஷம் ஒருவரைப் பற்றிக் கேள்வியே இல்லையென்றால்தான் அவர் இறந்துவிட்டதாகக் கொள்ள வழிவிடுகிறது. 2014 மார்ச் 8-ஆம் தேதி 239 பேரோடு காணாமல்போன எம்.எச். 370-க்காக அவ்வளவு நாள் காத்திருக்க முடியவில்லை. 2015 ஜனவரி 29 அன்று விமானப் போக்குவரத்துத் துறை அதை விபத்தென்றும் பயணிகள் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாகவும் அறிவித்தது. குடும்பங்கள் இழப்பீடு கோர அந்த வாக்கியம் தேவை. ஆனால் அன்றைக்கு அந்தக் குடும்பங்களில் எத்தனையோ பேர் அந்த வாக்கியத்தை ஏற்க மறுத்துக் கொதித்ததையும் பார்த்தோம். ஈட்டுக்கு வழிவிடும் தாளும் நம்பிக்கையைக் கொல்லும் தாளும் ஒன்றாகவே இருந்தால் எந்தக் கையால் வாங்குவது? மணிமேகலையில் ஆதிரைக்கு இந்தச் சங்கடமே வேறுவிதமாக வருகிறது. கப்பலுடைந்து பிழைத்து வந்தவர்கள் சாதுவன் இறந்துவிட்டான் என்கிறார்கள். அவள் நம்பித் தீயில் இறங்குகிறாள். தீ சுட மறுக்கிறது. அவன் நாகர் மலையில் உயிரோடிருக்கிறான் என்று வானத்திலிருந்து குரல் வருகிறது, பிறகு சந்திரதத்தன் கப்பலில் அவன் திரும்பியே விடுகிறான். அந்தக் குரலுக்காகத்தான் 2015-இல் அத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று தோன்றியது. வந்தது தொலைக்காட்சியில் ஓர் அறிவிப்பு.

அம்மா பதினெட்டு நாளில் திரும்பிவிட்டாள். சர்க்கரை ஏறியிருந்தது, முழங்கால் வீங்கியிருந்தது, மற்றபடி சுகம். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அந்த அறுவத்தெட்டு வெள்ளி?" என்றுதான். போய்விட்டது என்றேன். அவளுக்கு அதில் ஒரு வெற்றி. மறு செவ்வாய் பத்துமலைக்குக் கூட்டிப்போனேன். படியேற முடியாததால் கீழேயே உண்டியலில் மூன்று நாணயங்களையும் போட்டாள், துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அட்டையை மட்டும் கைப்பையிலிருந்து எடுக்கவில்லை. பழைய எண் இனி உதவாதம்மா என்று சொன்னேன், இருக்கட்டும் என்றாள்.

போன வாரம் பெரியம்மா வீட்டை மகன் விற்கிறான் என்று சாமான் ஒதுக்கப் போயிருந்தோம். பெரியம்மாவுக்கு எண்பத்தொன்று, கேள்வி மட்டும் குறைந்திருக்கிறது. சாமியறை அலமாரியில், பழுப்பேறிய பஞ்சாங்கத்துக்கு அடியில், ஒரு மஞ்சள் முடிச்சு கிடந்தது. மஞ்சள் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. அம்மா எடுத்துப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் என்னிடம் நீட்டினாள். பெரியப்பா ஊருக்குப் போகும்முன் முடிந்துவைத்தது. துணிக்குள் விரலால் தடவிப் பார்த்தேன். ஒற்றை நாணயம், கனமாக. ஒரு வெள்ளிக் காசு. தங்க நிறத்தில் இருக்குமே, 2005 டிசம்பர் 7-ஆம் தேதியோடு செல்லாதென்று திரும்பப் பெற்றுக்கொண்டார்களே, அது. அவர் போய் நாலைந்து மாதம் கழித்து. "இதை என்ன செய்யறது அக்கா?" என்று அம்மா காதருகே சத்தமாகக் கேட்டாள். அவர் திரும்பி வரவில்லை, ஆகவே கடன் இல்லை. பாதி திரும்பி வந்தார் என்றும் சொல்லலாம். பெரியம்மா முடிச்சை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். குருக்களிடம் அப்போதே கேட்டதாகவும், உண்டியலில் போட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னதாகவும், தனக்கு அது சரியாகப் படவில்லை என்றும் சொன்னார். பிறகு புது வீட்டுக்குப் போகிற பெட்டியில், விளக்குக்குப் பக்கத்தில், அவிழ்க்காமலே வைத்தார்.